செம்மறி ஆடு நொண்டினால்: கத்தியை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

ஆடு நொண்டினால் வடசென்னையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். மருந்துக்கடையில் வலி ஊசி வாங்கி வந்து குத்திவிடுவார்கள். இல்லையென்றால் பிளேடை எடுத்துக் குளம்பைச் சீவ ஆரம்பிப்பார்கள். இரண்டுமே கடைசியில் வர வேண்டியவை. எந்தக் கால், எந்த விரல், எந்த நோய் என்று தெரிந்த பிறகுதான் ஊசியோ கத்தியோ. பல சமயம் கத்தி வேண்டியதே இல்லை.

கொடுங்கையூர், மணலி, மீஞ்சூர் பக்கம் நாலைந்து ஆடு வைத்திருப்பவர்களையும், பக்ரீத்துக்காக வீட்டு வாசலில் கிடா கட்டி வளர்ப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

நொண்டல் தெரிந்த பிறகு கடைக்கு ஓடினால் அன்றைக்கு வேலை நடக்காது. இவை வீட்டில் இருக்கட்டும்: கையுறை, டிஜிட்டல் தெர்மாமீட்டர், பழைய பல் துலக்கும் பிரஷ், சுத்தமான துணி, நல்ல டார்ச், இடுக்கி, குளம்பு வெட்டும் கத்தரி, போவிடோன் அயோடின், புண்ணுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, ஒரு கிலோ ஜிங்க் சல்பேட். கடைசியாகச் சொன்னது செங்குன்றம், மீஞ்சூர் பக்கம் உரக்கடைகளில் கிடைக்கும்.

கத்தரிக்குப் பதில் பிளேடு போதும் என்று நினைக்க வேண்டாம். ஆடு ஒரு உதறு உதறினால் பிளேடு உங்கள் கையில் இறங்கும்.

2. தொடாமல் பாருங்கள்

ஆட்டைப் பிடித்தவுடன் பயத்தில் அது வலியை மறைத்துவிடும். அதனால் முதலில் சமதரையில், சிமெண்ட் ரோடாக இருந்தால் நல்லது, மெதுவாக நடக்க விட்டுப் பாருங்கள்.

முன்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் ஊன்றும்போது தலை கீழே இறங்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலைப் பிடித்துத் தேடுபவர்கள் நிறைய. பின்காலில் வலி என்றால், வலிக்கிற பக்கத்து இடுப்பு அதிகம் ஏறி இறங்கும். முன்னங்கால் முட்டியை மடித்து ஊன்றியபடி மேய்கிற ஆட்டுக்கு இரண்டு முன்குளம்பிலும் வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரு ஆடா, ஒரே வாரத்தில் மூன்று நான்கு ஆடா? ஒன்று மட்டும் என்றால் முள், ஆணி, சீழ்க்கட்டி, அடி. பல என்றால் தொற்றுநோய். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

3. காலுக்கு முன் வாய்

புதியவர்கள் தாண்டிப் போகிற படி இதுதான். நொண்டல் என்றால் கால்தானே என்று நேராகக் குளம்பைத் தூக்குவார்கள். ஆனால் கோமாரியில் செம்மறிக்கு வாய்ப்புண் லேசாக வந்து சீக்கிரம் ஆறிவிடும், நொண்டல்தான் முதலில் கண்ணில் படும். நீலநாக்கு நோயும் அப்படித்தான். அது கொசு மாதிரியான சின்னக் கடிபூச்சிகளால் பரவுவது, நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும்.

காலை வெயில் ஏறும் முன் ஆசனவாயில் காய்ச்சல் பாருங்கள். 102 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. மதியம் சென்னை வெயிலில் நின்ற ஆட்டுக்கு நோயே இல்லாமலும் 104 காட்டும், அதை நம்ப முடியாது.

அப்புறம் உதட்டைத் தூக்கி ஈறு, நாக்கு, மேலண்ணம் பாருங்கள். கொப்புளம், உரிந்த தோல், எச்சில் ஒழுகல் இருந்து, குளம்பின் மேல்விளிம்பிலும் கொப்புளம் இருந்தால் கோமாரியைச் சந்தேகியுங்கள். முகம் வீங்கி, மூக்கில் சளி ஒழுகி, குளம்பின் மேல்விளிம்பு சுற்றிலும் சிவந்திருந்தால் நீலநாக்கைச் சந்தேகியுங்கள். இரண்டிலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆட்டை வெளியே விடாமல், விற்காமல், அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்வது. மாடும் ஆடும் ஒரே தெருவில் கட்டியிருக்கும் புளியந்தோப்பு, வியாசர்பாடி மாதிரி இடத்தில் ஒரு நாள் தாமதம்கூட அடுத்த வீட்டு மாட்டுக்குப் போய்ச் சேரும்.

வாய் சுத்தம், காய்ச்சலும் இல்லை என்றால் காலுக்கு வரலாம்.

4. ஆட்டை உட்கார வைப்பது

சென்னை சிவப்பு ரக ஆடு பெரிய எடை இல்லை, ஒருவரே உட்கார வைக்கலாம். ஆட்டின் இடப்பக்கம் நில்லுங்கள். இடது கையால் தாடையைப் பிடித்துத் தலையை அதன் வலது தோள் பக்கம் திருப்புங்கள். வலது கையை முதுகுக்கு மேலாகக் கொடுத்து அந்தப் பக்க இடுப்பைப் பிடித்து, உங்கள் பக்கம் இழுத்தபடி ஓரடி பின்னால் போங்கள். ஆடு உங்கள் தொடையில் சரிந்து புட்டத்தில் உட்காரும். முதுகு உங்கள் காலில் சாய்ந்திருந்தால் உதறாது.

நிறைமாதச் சினை ஆடு, வயிறு உப்பிய ஆடு, இப்போதுதான் வயிறு முட்டத் தின்ற ஆடு, இவற்றை இப்படி உட்கார வைக்கக் கூடாது. வயிறு நெஞ்சை அழுத்தி மூச்சு திணறும். அவற்றைச் சுவரோரம் நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு காலாக மடித்துத் தூக்கிப் பாருங்கள்.

5. கழுவி, துடைத்து, வரிசையாகப் பார்ப்பது

சேறு ஒட்டிய காலில் எதுவும் தெரியாது. தண்ணீர் ஊற்றிப் பிரஷால் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் கசிவு எது, தண்ணீர் எது என்று புரியாது. நல்ல காலையும் கழுவி வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பார்க்கும் வரிசை: விரலிடுக்கு, குளம்பின் மேல்விளிம்பு, வெளிச்சுவர், அடிப்பாகம், குதிகால். அதன்பிறகு மேலே கணுக்கால், முட்டி, தோள் அல்லது இடுப்பு. ஒவ்வொரு இடத்திலும் பாருங்கள், முகருங்கள், கட்டைவிரலால் அழுத்துங்கள். சூட்டைப் புறங்கையால் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செம்மறியின் ஒவ்வொரு காலிலும், இரண்டு விரல் பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே முன்பக்கம் ஒரு சின்னத் துளை உண்டு. அழுத்தினால் மெழுகு மாதிரி பிசுபிசுப்பும் ரெண்டு மூணு முடியும் வெளியே வரும். அது புண்ணும் இல்லை, புழு போன வழியும் இல்லை, இயல்பான சுரப்பி. வெள்ளாட்டுக்கு இது கிடையாது, அதனால் வெள்ளாடு வளர்த்துப் பழகியவர்கள் இதைப் பார்த்ததும் பதறுவார்கள். துளைக்குள் குச்சி விட்டுக் கிளறி, இல்லாத புண்ணை உண்டாக்கிவிட்டு வந்து நிற்பவர்களும் உண்டு. நாலு காலிலும் ஒரே மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு காலில் மட்டும் வீங்கி, சூடாக, சீழோடு இருந்தால்தான் நோய்.

6. எது தெரிந்தால் என்ன நோய்

*விரலிடுக்குப் புண்.* இரண்டு விரலுக்கு நடுவே தோல் சிவந்து, ஈரமாக, மேலே வெளுத்த சாம்பல் நிறப் பூச்சு போலப் படிந்திருக்கும். நாற்றம் இருக்காது. குளம்பின் கடினமான கொம்புப் பகுதி தோலை விட்டுப் பிரிந்திருக்காது. மழை மாதங்களில் மணலி புதுநகர், கொசஸ்தலை ஆற்றோரத் தாழ்வான இடங்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். சும்மா விட்டால் சில ஆட்டில் அழுகலாக மாறும்.

*குளம்பு அழுகல்.* முதல் அடையாளம் நாற்றம். கையுறையைக் கழற்றிய பிறகும் போகாத அளவுக்கு அடிக்கும். உள்பக்கக் குதிகாலில் தொடங்கி அடிப்பாகக் கொம்பு சதையை விட்டுப் பிரிந்து தூக்கிக்கொண்டு நிற்கும். டைக்கிலோபாக்டர் நொடோசஸ் என்ற பாக்டீரியா செய்கிற வேலை இது. ஈரத்தில் ஊறி மெலிந்த தோல்தான் அதற்கு நுழைவாயில். ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தரை வழியாகப் பரவும்.

*சீழ்க்கட்டி.* நேற்று ஓடிய ஆடு இன்று காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்கிறது. ஒரே கால், ஒரே விரல், நல்ல சூடு. “கால் ஒடஞ்சிடுச்சுண்ணா” என்று போனில் பதறுகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டுக்கு இதுதான் இருக்கும். குளம்பின் வெளிச்சுவரும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் ஒரு வெள்ளைக்கோடு ஓடும். அங்கே மண் புகுந்து உள்ளே சீழ் பிடித்திருக்கும். கோட்டில் கறுப்புப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். அதன்மேல் அழுத்தியதும் ஆடு வெடுக்கென்று காலை இழுத்தால் இடம் அதுதான்.

*சுவர் பிரிதல்.* வெளிச்சுவர் வெள்ளைக்கோட்டிலிருந்து விலகி, நடுவில் மண் அடைத்த பை மாதிரி இருக்கும். பல சமயம் வலியே இருக்காது.

*முள், ஆணி, கண்ணாடி.* மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் சீமைக்கருவேல முள். கன்டெய்னர் லாரி போகிற மணலி ரோட்டோரம் கம்பி, ஆணி. கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் மேய்ந்தால் கண்ணாடி. முள் தோலுக்குள் முறிந்து நின்றால் வெளியே கறுப்புப் புள்ளிதான் தெரியும், விரலால் தடவினால் நெருடும்.

*நுனியில் சதை வளர்த்தி.* குளம்பு நுனியில் சிவந்த சதை உருண்டையாகப் பிதுங்கி நிற்கும், தொட்டால் ரத்தம் வரும். பெரும்பாலும் யாரோ முன்பு குளம்பை ரத்தம் வரச் சீவியதால் வந்தது. வீட்டில் அறுத்தால் திரும்ப வளரும். மருத்துவர் அறுத்துச் சுட வேண்டும்.

*குளம்புக்கு மேலே பிரச்சினை.* மேல்விளிம்புக்கு மேல் வீங்கி, முடி கொட்டி, அங்கே துளை விழுந்து சீழ் வந்தால் மூட்டுக்குள் போய்விட்டது. ஸ்ப்ரே எதுவும் செய்யாது. ஒரு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இரண்டு மூன்று மூட்டு வீங்கினால் தொப்புள் வழியாகப் போன தொற்று. அன்றே மருத்துவரிடம் போங்கள். பிறந்தவுடன் தொப்புளில் அயோடின் தொட்டால் இதைப் பெருமளவு தடுக்கலாம்.

7. சிகிச்சை

விரலிடுக்குப் புண்ணுக்குக் கழுவித் துடைத்து ஸ்ப்ரே அடித்தால் போதும். அரைமணி நேரம் காய்ந்த தரையில் நிற்க வையுங்கள். ஈரத்தில் உடனே விட்டால் மருந்து கழுவிப் போய்விடும். பல ஆடுகளுக்கு இருந்தால் அடுத்த பகுதியில் சொல்லும் கால் குளியல்.

குளம்பு அழுகலுக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசியும் மேலே ஸ்ப்ரேயும். அளவு வழக்கமாக கிலோவுக்கு 20 மில்லிகிராம். மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள பாட்டிலில் 10 கிலோ எடைக்கு 1 மில்லி. அதே மருந்து மில்லிக்கு 50 மில்லிகிராம் கணக்கிலும் வருகிறது, அது சாதாரண வகை. இரண்டையும் குழப்பி நாலில் ஒரு பங்கு மருந்து போட்டுவிட்டு, ‘ஊசி கேட்கவில்லை’ என்பது இங்கே சகஜம். மருந்தை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், லேபிளைப் படியுங்கள், எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். ஆட்டைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

ஊசி கழுத்துத் தசையில். பின்தொடையில் போட்டால் அங்கே ஓடும் பெரிய நரம்பில் பட்டு, குளம்புக்கு வந்த நொண்டல் நிரந்தர நொண்டலாகிவிடலாம்.

அழுகிய குளம்பைச் சீவ வேண்டாம். ‘காற்றுப் பட்டால் கிருமி செத்துவிடும்’ என்று பிரிந்த கொம்பை எல்லாம் வெட்டி எடுப்பது பழைய முறை. பிரிட்டனில் பண்ணைகளில் நடந்த ஆய்வுகளில், சீவாமல் ஊசியும் ஸ்ப்ரேயும் போட்ட ஆடுகள் சீக்கிரம் குணமானது தெரிந்தது. நொண்டல் தெரிந்த மூன்று நாளுக்குள் மருந்து போட்டால், பெரும்பாலான ஆடுகள் ஒரு வாரம், பத்து நாளில் நேராக நடக்கும். பிரிந்த கொம்பு தானாக வளர்ந்து சரியாகும்.

கத்தி தேவைப்படுவது சீழ்க்கட்டிக்குத்தான். வெள்ளைக்கோட்டில் அந்தக் கறுப்புப் புள்ளியை மட்டும், கத்தரியின் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். சரியான இடம் என்றால் சாம்பல் நிறத்தில் தண்ணீராகச் சீழ் வரும். சில சமயம் பீச்சி அடிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆடு அப்போதே தளர்ந்து மூச்சு விடும். ரத்தம் வந்தால் தவறான இடம் அல்லது அதிக ஆழம், நிறுத்துங்கள். சீழ் வடிந்ததும் அயோடின் ஊற்றி, இரண்டு மூன்று நாள் காய்ந்த இடத்தில் கட்டுங்கள். ஓட்டையைப் பஞ்சால் அடைக்கக் கூடாது, சீழ் வடிய வழி வேண்டும்.

முள், ஆணி என்றால் போன கோணத்திலேயே நேராக இழுங்கள். எடுத்த பொருளை முழுசாக வந்ததா என்று பாருங்கள். துளைக்குள் அயோடின், கூடவே டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். துருவும் மண்ணும் உள்ளே போன துளைக் காயம் டெட்டனஸ் என்ற இழுப்பு நோய்க்கு நல்ல இடம்.

புண்ணில் புழு இருந்தால் டர்பன்டைன் எண்ணெய் தொட்ட பஞ்சைச் சற்று நேரம் புண்ணின் வாயில் வைத்து, புழு மேலே வந்ததும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். பிறகு ஈ அண்டாத ஸ்ப்ரே. மறுநாளும் பாருங்கள், ஒரே தடவையில் எல்லாம் வராது.

பினாயில், மண்ணெண்ணெய், கழிவு ஆயில் எதுவும் வேண்டாம். புழு சாகிறதோ இல்லையோ, நல்ல சதை வெந்துவிடும். வலிக்கு மனிதர்களுக்கான டைக்ளோபினாக்கும் வேண்டாம். செத்த கால்நடையைத் தின்னும் கழுகுகளைக் கொல்வதால் 2006-லேயே கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. மெலாக்சிகாம் இருக்கிறது, அளவை மருத்துவர் சொல்வார்.

மருந்து போட்ட காலில் சாய அடையாளம் வைத்து, தேதியை ஒரு நோட்டில் எழுதி, ஐந்தாம் நாள் திரும்பத் தூக்கிப் பாருங்கள். முன்னேற்றமே இல்லை என்றால் நோயைத் தப்பாகக் கணித்திருக்கிறீர்கள். அதே மருந்தை இரட்டிப்பாக்காதீர்கள்.

8. கால் குளியல்

10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ ஜிங்க் சல்பேட். நாலைந்து ஆட்டுக்குப் பெரிய பிளாஸ்டிக் டப் போதும், குளம்பு முழுவதும் முங்க வேண்டும். 10 முதல் 15 நிமிடம் நிற்க வைத்து, பிறகு காய்ந்த சிமெண்டில் அரைமணிக்குக் குறையாமல் விடுங்கள்.

காலைக் கழுவாமல் இறக்கினால் சேறும் புழுக்கையும் மருந்தைக் கெடுத்துவிடும். குளியலுக்கு முன் வயிறாரத் தண்ணீர் காட்டுங்கள், தாகத்தோடு நின்றால் டப்பில் இருப்பதைக் குடித்துவிடும்.

மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) வேலை செய்யும்தான். ஆனால் செம்மறிக்குச் செம்பு நஞ்சு ஏறுவது மற்ற கால்நடைகளைவிடச் சுலபம், நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்மலின் புகை கண்ணையும் மூச்சையும் எரிக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய தண்டையார்பேட்டை வீடுகளில் அதைத் திறப்பது அக்கம்பக்கத்துச் சண்டைக்கு வழி.

9. சும்மா வளர்ந்த குளம்பு

கட்டிப்போட்டு வளர்க்கும் கிடாவுக்குக் குளம்பு தேயாமல் நீண்டு மடங்கும். இதை வெட்டலாம், ஆனால் காலில் புண் இல்லாதபோது மட்டும். குதிகாலிலிருந்து நுனி நோக்கி, மடங்கிய சுவரை அடிப்பாகத்தின் மட்டத்துக்கு வெட்டுங்கள். இளஞ்சிவப்பு தெரிய ஆரம்பித்தால் அதுதான் எல்லை. ஒரு ஆட்டை முடித்ததும் கத்தரியை அயோடினில் நனைத்துத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

10. மண்டபத்துச் சோறு

ஆடு நாலு காலிலும் வலிக்கிற மாதிரி தத்தித் தத்தி நடக்கிறது, குளம்புகள் சூடாக இருக்கின்றன, புண் எதுவும் இல்லை. முந்தின நாள் என்ன போட்டீர்கள் என்று யோசியுங்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறு, பிரியாணி, ஊறவைத்த அரிசி இவற்றை வயிறு முட்டத் தின்றால் வயிற்றில் அமிலம் கூடி, குளம்புக்குள் இருக்கும் சதை அழற்சி அடையும். வயிறு கல்லாகி, கழிச்சலும் சோர்வும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தீனியை நிறுத்தி, காய்ந்த வைக்கோல் மட்டும் வைத்து, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். காலுக்கு மருந்து தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.

சோறு போட்டே ஆக வேண்டும் என்றால் கைப்பிடியில் ஆரம்பித்து, பசும்புல்லோ வைக்கோலோ தின்ற பிறகு கொடுங்கள்.

11. தரை காய்ந்தால் பாதி நோய் இல்லை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் தரை காயாது. ஆடு படுக்கும் இடத்தையாவது உயர்த்துங்கள். பழைய இரும்பு, மரச்சாமான் கடையில் கன்டெய்னர் சரக்கு வரும் மரப் பேலட்டுகள் கிடைத்தால் நல்ல மேடை ஆகும். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, இடைவெளி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இல்லாமல் பட்டை அடியுங்கள். அதிகம் இருந்தால் குட்டியின் கால் மாட்டி ஒடியும்.

சுண்ணாம்பு தூவுவதானால் ஆடுகளை வெளியே கட்டிவிட்டுத் தூவி, பெருக்கிய பிறகு உள்ளே விடுங்கள். ஈரக் காலில் பட்டால் தோலை அரித்து, தடுக்க நினைத்த புண்ணை அதுவே வரவழைக்கும்.

புளியந்தோப்பிலோ, ஆந்திராவிலிருந்து வரும் லாரியிலோ வாங்கிய ஆட்டை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். மூன்று வாரமாவது தனியாகக் கட்டி, வந்த அன்றே நாலு காலையும் தூக்கிப் பாருங்கள். குளம்பு அழுகல் வீட்டுக்குள் வருவது அனேகமாக இப்படித்தான். மருந்து போட்டும் திரும்பத் திரும்ப அழுகல் வரும் ஆட்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்ற முடியாது, கழித்துவிடுங்கள்.

12. எப்போது மருத்துவர்

எலும்பு முறிவு, மூட்டு வீக்கம், பல ஆடு ஒரே நேரத்தில் நொண்டுதல், 104-க்கு மேல் காய்ச்சல், வாய்ப்புண், உடம்பு விறைத்தல், ஐந்து நாளில் முன்னேற்றம் இல்லாமை. இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் கேட்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோகிறவர்கள், பைக் மோதி ஒடிந்த காலைப் பஞ்சு சுற்றி, நீளவாக்கில் பிளந்த பிவிசி பைப்பை இருபுறமும் வைத்துக் கட்டி எடுத்துப் போங்கள். கட்டு முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டைத் தாண்டி இருக்க வேண்டும்.

13. பக்ரீத் கிடாவுக்குத் தனிக் கணக்கு

வெளிப்படையாக நொண்டும் ஆடு குர்பானிக்கு ஆகாது. அதனால் கடைசி வாரத்தில் நொண்டல் வந்தால் வளர்ப்பவர்கள் அவசரப்பட்டு ஊசியைத் தேடுவார்கள். ஆனால் நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் போட்ட ஆட்டின் கறியை, லேபிளில் சொன்ன நாள் கழியும் வரை சாப்பிடக் கூடாது. பல தயாரிப்புகளில் இது நாலு வாரம் வரை போகும். எனவே பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பே நாலு காலையும் தூக்கிப் பார்த்து, வேண்டிய மருந்தைப் போட்டு முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை விரலிடுக்கைப் பார்த்தால் போதும். சின்னப் புண் என்றால் ஸ்ப்ரேயிலேயே அடங்கும். வாங்க வருகிறவர் கேட்டால் ஊசி போட்ட தேதியைக் காட்டத்தான் அந்த நோட்டு.